பால் போன பாதை, குப்பை வந்த பாதை

டிசம்பர் பிறந்துவிட்டால் ஒரே கட்டுரை பல பெயர்களில் எழுதப்படுகிறது. கிறிஸ்மஸ் வணிகமாகிவிட்டது, மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பெருநாளை மால்கள் பிடுங்கிக்கொண்டன, தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்கிறோம், பூமி குப்பைமேடாகிறது, எளிமைக்குத் திரும்புவோம். தீபாவளிக்கு இதே கட்டுரை இன்னொரு சாமி பெயரில் வந்திருக்கும். இதில் எந்த வரியும் பொய்யில்லை. ஆனாலும் வாசித்து முடித்ததும் எனக்குச் சலிப்புதான் மிஞ்சுகிறது. காரணம், இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எப்போதும் ஒரே ஆள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையோடு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ஈப்போ பேரேட்டிலிருந்தோ கிந்தா சிட்டி இயோனிலிருந்தோ வெளியே வரும் ஓர் அம்மா. உலகத்தின் குப்பைக்கெல்லாம் கடைசியில் அவரிடம்தான் கணக்குக் கேட்கிறோம்.

நான் இங்கே விமர்சிக்க நினைப்பது இந்தப் புலம்பல் என்கிற வடிவத்தை. அம்மா வழியில் கத்தோலிக்கம், அப்பா வழியில் முனியாண்டி என்று வளர்ந்தவன் என்பதால் இரண்டு பெருநாளின் புலம்பலையும் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் குறை ஒன்றுதான். கோட்டைத் தப்பான இடத்தில் போடுகிறோம்.

கோடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் முதலாண்டில் ஓர் எளிய பழக்கத்தைக் கற்றுத் தருவார்கள். எதையும் கணக்கிடுவதற்கு முன்னால் அதைச் சுற்றி ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குள் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, உள்ளே தங்கியது எவ்வளவு. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பொருள் மாயமாய் மறைந்துவிட்டது என்று பொருளில்லை, எதையோ கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டோம் என்று பொருள். வீட்டைச் சுற்றி மட்டும் கோடு போட்டால் கிறிஸ்மஸ் என்பது ஒரு குடும்பத்தின் பேராசையாகத் தெரியும். பேராக் மாநிலத்தைச் சுற்றிக் கோடு போட்டால் வேறொரு படம் தெரிகிறது. அதுவும் நூற்றைம்பது வருடத்துப் படம்.

சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கெரோல்' 1843 டிசம்பர் 19ஆம் தேதி லண்டனில் வெளிவந்தது. முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் கிறிஸ்மஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டில்தான் ஹென்றி கோல் என்பவர் ஓர் ஓவியரை வைத்து வரையச் செய்த முதல் வணிகக் கிறிஸ்மஸ் அட்டையும் அச்சானது. நாம் இன்று கிறிஸ்மஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல விஷயங்கள், அதாவது குடும்ப விருந்து, பரிசு, அட்டை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்கும் சாமான், எல்லாம் விக்டோரியா காலத்தில் உருப்பெற்றவை. அந்தக் காலத்தில் பிரிட்டனின் பெருநாள் மேசையை நிரப்பிய பொருள்களுக்கு ஒரு பூகோளம் இருந்தது. அதில் நம் ஊரும் இருக்கிறது.

ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் போன்ற பிஸ்கட் நிறுவனங்கள் கிறிஸ்மஸுக்கென்றே படம் அச்சிட்ட தகரப் பெட்டிகளை விற்றன. தகரம் என்பது எஃகுத் தகட்டின்மேல் மெல்லிதாகப் பூசிய வெள்ளீயம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்து ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் மிகப் பணக்கார நிலம் கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ, கோப்பேங், பத்து காஜா, பாப்பான் எல்லாம் ஈய லம்பத்தைச் சுற்றி எழுந்த ஊர்கள். ரப்பரின் கதை 1877இல் தொடங்குகிறது. கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது, சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1920களில் உலக ரப்பரில் பாதியளவு மலாயாவின் பால். மோட்டார் டயருக்குத்தான் பெரும்பகுதி போனது என்றாலும் பந்து, பொம்மை, மழைக்காலச் சப்பாத்து, பலூன் என்று பிள்ளைகளின் பரிசுப் பொட்டலத்துக்குள்ளும் அது போனது. அந்தப் பாலை மங்கில் இறக்கி வாளியில் சுமந்தவர்கள் யார் என்று இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்த பிறகும் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது டிக்கன்ஸுக்குத் திரும்பலாம். ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன் ஒரே இரவில் மனம் மாறுகிறான். அந்த மாற்றத்தை டிக்கன்ஸ் எப்படிக் காட்டுகிறார்? காலையில் எழுந்ததும் அவன் முதலில் செய்யும் பெரிய காரியம் ஒன்றை வாங்குவது. கடையில் தொங்கும் ஆகப் பெரிய வான்கோழியை வாங்கித் தன் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வீட்டுக்கு அனுப்புகிறான். மறுநாள் அலுவலகத்தில் பாபுடைய சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்கிறான். என்னைக் கேட்டால் கதையின் உண்மையான திருப்பம் இந்த இரண்டாவது காரியம்தான். வான்கோழி ஒரு நாள் சமாச்சாரம். சம்பளம் வருடம் முழுக்க உள்ள சமாச்சாரம். ஆனால் 180 ஆண்டுகளில் இந்தக் கதையிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது வான்கோழியை மட்டும்தான். அன்பு என்றால் வாங்கிக் கொடுப்பது என்றாகிவிட்டது. சம்பளப் பேச்சைக் கடை அலங்காரத்தில் எங்கே மாட்டுவது?

தோட்டத்திலும் இதே கதைதான் நடந்தது. பெருநாள் முன்பணம் என்று ஒன்று உண்டு. பாட்டி அதை 'அட்வான்சு' என்பார். அதைக் கையில் வாங்கும் நாள் கொண்டாட்டம், அடுத்தடுத்த மாதக் கூலியில் அது பிடிபடும் நாள்கள் துக்கம். தோட்டத் தொழிலாளருக்கு நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கையோ பத்தாண்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. வான்கோழி உடனே கிடைத்தது, சம்பளம் மட்டும் காத்திருந்தது.

இதோடு ஓ ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் த மேஜை' கதையையும் வைத்துப் பார்க்கலாம். 1905இல் வந்தது. கணவன் தன் கடிகாரத்தை விற்று மனைவியின் கூந்தலுக்குச் சீப்பு வாங்குகிறான். மனைவி கூந்தலை விற்று அவனுடைய கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். இதைத் தியாகத்தின் உச்சம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடு போட்டுப் பார்க்கும் புத்தியோடு வாசித்தால் இன்னொன்றும் தெரிகிறது. கொடுத்த அந்த நிமிடமே இரண்டு பொருளும் உபயோகமற்றுப் போகின்றன. கிறிஸ்மஸ் குப்பையைப் பற்றிய மிக நேர்த்தியான கதை இதுதான். ஓ ஹென்றி பொருளை விட்டுவிட்டு மனத்தைப் பாருங்கள் என்றார். சந்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மனத்தைக் காட்ட வேண்டுமா, பொருளை வாங்குங்கள் என்று திருப்பிவிட்டது. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில், கிறிஸ்மஸ் பரிசைப் பெறுகிறவர் அதன் விலையைவிட 10 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைவாகவே அதை மதிக்கிறார் என்று கணக்கிட்டார். சீப்பும் சங்கிலியும் பொருளியல் பாடப்புத்தகத்துக்குள் நுழைந்த இடம் அது.

சரி, பொருள் போன பாதையைப் பார்த்தோம். குப்பை வந்த பாதைக்கு வருவோம். இந்தப் பாதையும் பேராக்கில் புதிதல்ல.

ஈயம் தோண்டி எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலை அமாங் என்போம். அதில் மொனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரியமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கலாம். அவற்றில் சில வண்ணத் தொலைக்காட்சித் திரைக்குச் சிவப்பைத் தந்தவை. தீபகற்ப மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில் தொடங்கியது. அதற்குப் பின் வந்த பெருநாள்களில் கலர் டிவி வாங்குவதுதான் குடும்பங்களின் கனவு. 1982இல் ஈப்போவுக்கு அருகே லாஹாட் வட்டாரத்துப் புக்கிட் மேராவில், ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் பங்கோடு, ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. மொனசைட்டிலிருந்து அரியமண்ணைப் பிரித்தால் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு மிஞ்சும். அதைக் கொண்டுபோய் வைக்க பாப்பான் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈயம் தீர்ந்து ஓய்ந்துபோன ஓர் ஊர். 1984இல் பாப்பான் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992 ஜூலையில் தொழிற்சாலையை மூடும்படி தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 தொடக்கத்தில் நிறுவனம் தானாகவே மூடிக்கொண்டது. அந்த இடத்தைச் சுத்தப்படுத்தும் வேலை அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன்? வரவேற்பறையில் மின்னிய சிவப்புக்கு ஒரு கழிவு இருந்தது. அதைப் போட ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமாகத் தேர்வானது, ஏற்கெனவே ஒருமுறை சுரண்டித் தீர்க்கப்பட்ட நிலம். ஒருமுறை பலி கொடுத்த மண்ணை இன்னொருமுறை பலி கொடுப்பது சுலபம். அங்கே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே குரல் குறைவு, நிலத்துக்கு ஏற்கெனவே விலை குறைவு.

2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியது. அதுவரை உலகத்தில் நாடு விட்டு நாடு போன பிளாஸ்டிக் கழிவில் பாதியளவை வாங்கிக்கொண்டிருந்த நாடு அது. கப்பல்கள் திசை மாறின. அந்த ஆண்டின் முதல் ஏழு மாதத்தில் மட்டும் மலேசியாவுக்கு 754,000 டன் பிளாஸ்டிக் கழிவு வந்தது என்று கிரீன்பீஸ் கணக்குக் காட்டியது. ஜெஞ்சாரோம், புலாவ் இண்டா என்ற பெயர்கள் உலகச் செய்தியாகின. கிரீன்பீஸ் மலேசியாவின் அறிக்கைகளில் ஈப்போவின் பெயரும் இருந்தது. 2020 ஜனவரி 20ஆம் தேதி அப்போதைய அமைச்சர் இயோ பீ இன் பினாங்குத் துறைமுகத்தில் நின்று ஒரு பட்டியலைச் சொன்னார். 150 கொள்கலன்கள், 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17. நம் பால் போன அதே நாடுகள். 754,000 டன்னுக்குப் பக்கத்தில் 3,737 டன்னை வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பியதைப் பாராட்ட வேண்டும். திருப்பி அனுப்பாதது எவ்வளவு என்பதும் கண்ணில் பட வேண்டும்.

இங்கேதான் மறுபடியும் கோடு. பிரிட்டனின் கணக்கு முறையில் மறுசுழற்சிக்கென்று கப்பல் ஏற்றிவிட்ட பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனதாகவே சேர்க்கப்படுகிறது. அவர்களுடைய கோடு துறைமுகத்தோடு முடிகிறது. அந்தப் பக்கம் ஒரு குடும்பம் கிறிஸ்மஸ் முடிந்து தட்டு, டப்பா, உறை எல்லாவற்றையும் கழுவிப் பிரித்து உரிய தொட்டியில் போட்டிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்ட பிரசங்கத்தை அப்படியே பின்பற்றியவர்கள். அந்த நல்ல மனம் நம் ஊர்ப் பக்கம் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் இரவில் எரிந்தது. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் பேசுகிற கட்டுரை தோற்றுப்போகும் இடம் இது. ஒழுக்கமாக இருந்த வீட்டின் குப்பைதான் இங்கே வந்து சேர்ந்தது.

2019இல் பாசல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2021இலிருந்து கலப்புப் பிளாஸ்டிக் கழிவை அனுப்ப வாங்கும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை என்றானது. 2025 ஜூலை 1 முதல் மலேசியா தன் விதிகளை மேலும் இறுக்கி, பாசல் உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து பிளாஸ்டிக் கழிவு வருவதைத் தடுத்தது. நல்லதுதான். ஆனால் அறிவிப்பில் பழைய பிளாஸ்டிக் என்று போடாமல் வேறு பெயர் போட்டு வரும் கொள்கலன்களைப் பிடிக்கத் துறைமுகத்தில் ஆள் வேண்டும், நேர்மை வேண்டும். அதை எந்தச் சட்டமும் தானாகக் கொண்டுவராது.

இனி நம் வீட்டுச் சாமானுக்கு வருகிறேன். மறுசுழற்சி என்ற சொல்லை நாம் மந்திரம் மாதிரிப் பயன்படுத்துகிறோம். கொஞ்சம் அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்போம். பளபளக்கும் பரிசுத் தாளில் பல வகை தாளே கிடையாது. பிளாஸ்டிக் படலத்தின்மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தது. இரண்டையும் பிரிக்க லாபகரமான வழி இல்லை. கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடி கிடந்தால் தாள், மெல்ல விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். செயற்கை மரத்தின் இலை பெரும்பாலும் பி.வி.சி., தண்டு இரும்பு, கால் இன்னொரு பிளாஸ்டிக். பி.வி.சி. சிறிதளவு கலந்தாலே தண்ணீர் போத்தல் மறுசுழற்சி கெட்டுவிடும். கொல்லையில் வைத்து எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் கணக்குப்படி 2 மீட்டர் உயரச் செயற்கை மரம் ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியீடு. எரித்து முடிக்கும் நிஜ மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். ஆகவே பத்து வருடமாவது அதையே வைத்துக்கொண்டால்தான் நியாயம். நமக்கோ நிஜ மரம் குளிரூட்டிய கொள்கலனில் கடல் தாண்டி வர வேண்டும், எனவே அந்த ஒப்பீடும் இங்கே அப்படியே பொருந்தாது. பழைய செயற்கை மரத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டும் வீடுதான் இந்த ஊரில் பசுமையான வீடு. அது ஒன்றும் பெருமையாக அறிவிக்கப்படுவதில்லை, 'புதுசு வாங்கக் காசில்ல' என்றுதான் சொல்லப்படுகிறது.

மின்விளக்குச் சரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவில் கழித்துப் போட்ட கிறிஸ்மஸ் விளக்குகள் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஷிஜியாவ் என்ற ஊருக்கு மூட்டை மூட்டையாய்ப் போனதை ஆடம் மின்டர் என்ற செய்தியாளர் எழுதியிருக்கிறார். முதலில் செம்புக்காகப் பிளாஸ்டிக்கை எரித்தார்கள். பிறகு அரைத்துத் தண்ணீரில் அலசிச் செம்பைப் பிரித்தார்கள், மிஞ்சிய பிளாஸ்டிக் சிலிப்பர் அடிப்பாகமாக மாறியது. எரிப்பதை விட்டு அலசுவதற்கு மாறியது யாருடைய உபதேசத்தாலும் அல்ல. செம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை கூடியதால். பொருளுக்கு விலை இருந்தால் அது குப்பையாவதில்லை. பொட்டலத் தாளுக்கு அந்த விலை ஒருநாளும் வராது. ஆகவே அதைச் செய்து விற்கிறவர்தான் அதன் கடைசி நாளுக்கும் காசு கட்ட வேண்டும். ஜெர்மனி 1991இலேயே பொதி உறைகளுக்கு இந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தது.

நம் பக்கம் நிலைமை என்ன? 2007இல் திடக்கழிவுச் சட்டம் வந்தது. அதை ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று கட்டாயமானது. பேராக் அப்போது அதில் சேரவில்லை, சிலாங்கூரும் பினாங்கும் போல. தோட்டத்தின் நிலை அதைவிடக் கீழே. தோட்டம் தனியார் நிலம் என்பதால் நகராண்மையின் சம்பா லோரி உள்ளே வராது. லயத்துக்குப் பின்னால் ஒரு குழி, வாரத்துக்கு ஒரு தீ. இதுதான் பல தலைமுறையாக அங்கே இருந்த குப்பை நிர்வாகம். இப்படி வளர்ந்தவரிடம் போய்த் திறந்தவெளியில் எரிக்காதே என்று சுவரொட்டி ஒட்டினால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

இன்னொரு புலம்பலையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. 'அந்தக் காலத்துத் தோட்டத்தில் குப்பையே இல்லை, இயற்கையோடு இயைந்து வாழ்ந்தோம்' என்பது. பிஸ்கட் டின்னில் தையல் சாமான், மைலோ டின்னில் சில்லறை, மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்த கால்சட்டை. உண்மைதான். ஆனால் நான் ஒருமுறை பாட்டியிடம் இதைப் புகழ்ந்து பேசியபோது அவர் கேட்டார்: "அப்ப தூக்கிப்போட என்னாய்யா இருந்துச்சு?" இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. இல்லாமையை அறமாக மாற்றுவது இருப்பவர்களின் பொழுதுபோக்கு. தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகி, தாமானாகி, மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த குடும்பத்துக்கு, பிள்ளைக்குப் பெட்டி பிரிக்காத புது பொம்மை வாங்குவது வெறும் நுகர்வு வெறி இல்லை. அதில் ஒரு கணக்குத் தீர்த்தல் இருக்கிறது. 'நாங்களும் மத்தவங்க மாதிரிதான்' என்று சொல்லும் குரல் இருக்கிறது. 12.12 தள்ளுபடியும் 'இப்போது வாங்கு, அப்புறம் கட்டு' தவணையும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வருகின்றன. பழைய அட்வான்சு கைப்பேசிக்குள் வந்துவிட்டது, பிடித்தம் மட்டும் மாறவில்லை.

அப்படியென்றால் ஏழை வாங்குவதையெல்லாம் நியாயப்படுத்துகிறேனா? இல்லை. எரியும் பிளாஸ்டிக் யார் வாங்கியது என்று பார்த்துப் புகை விடுவதில்லை. அந்த அடுக்குமாடியில் முதலில் இருமப்போவது அந்தப் பிள்ளைதான். நான் சொல்வது, அந்த அம்மாவிடம் பேசுவதற்கு முன்னால் நாம் பேச வேண்டிய வேறு சிலர் இருக்கிறார்கள் என்பது. போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் இதைப் புரிந்துகொண்ட ஆவணம். பூமிக்கு நேரும் கொடுமையையும் ஏழைக்கு நேரும் கொடுமையையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பதே அதன் மையம். நான் கேட்ட டிசம்பர் பிரசங்கங்களில் அந்த மடலிலிருந்து பையை மறுக்கும் பகுதி மட்டும் வந்தது. உற்பத்தி, கடன், கூலி பற்றிய பகுதி வரவில்லை. அங்கேயும் வான்கோழிதான், சம்பளம் இல்லை.

கடைசியாக நம் எழுத்து. இது இலக்கிய இதழ் என்பதால் இதைச் சொல்லாமல் முடித்தால் நியாயமில்லை. நம் சிறுகதைகளில் தோட்டம் பெரும்பாலும் 1970களிலேயே நிற்கிறது. லயம், பெரட்டு, தண்டல், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில் திருவிழா. அந்த வலி உண்மையானது, எழுதப்பட வேண்டியதும்கூட. ஆனால் அந்த நிலம் கதை முடிந்ததும் காணாமல் போய்விடவில்லை. அங்கே இப்போது செம்பனை இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது, உயரமான துத்தநாகத் தகட்டு வேலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாத பட்டறைகள் இருக்கின்றன. நாட்டின் பிளாஸ்டிக் பட்டறைகளில் கழிவைக் கையால் பிரிப்பவர்களில் வங்காளதேசத்தவர், மியன்மார்க்காரர், நேப்பாளி, இந்தோனேசியர் நிறையப் பேர். ஏஜண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள், முதலாளி தந்த கொட்டகையில் தங்குபவர்கள், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தயங்குபவர்கள். கங்காணியின் இடத்தில் ஏஜண்ட், லயத்தின் இடத்தில் கொங்சி, பாலின் இடத்தில் பிளாஸ்டிக். நம் தாத்தா பாட்டியின் கதை வேறு மொழியில் நம் பக்கத்துச் சாலையில் நடந்துகொண்டிருக்கிறது. அதை அடையாளம் காண இந்த நாட்டில் நம்மைவிடத் தகுதியானவர் யார்? நாமோ அவர்களை 'பங்களா' என்று ஒற்றைச் சொல்லில் தாண்டிப் போகிறோம். தோட்டத்துத் துயரம் நமக்கு மட்டும் சொந்தம் என்று கதையைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால், அந்தத் துயரத்தை உண்டாக்கிய இயந்திரம் கோட்டுக்கு வெளியே நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மறுசுழற்சிக் கணக்கைத் துறைமுகத்தோடு முடிக்காதே என்று வாங்கும் நாடும் அனுப்பும் நாடும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். பிரிக்க முடியாத உறையை விற்கிறவரே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். பேராக்கில் குப்பை பிரிப்பது ஆர்வலரின் பொழுதுபோக்காக இல்லாமல், தோட்டத்து உள்சாலைவரை லோரி வரும் பொதுச் சேவையாக வேண்டும். கோயிலில் பிரசங்கம் செய்பவர் ஒரு டிசம்பராவது பையை விட்டுவிட்டுச் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும். எழுதுகிறவர்கள், துத்தநாக வேலிக்குப் பின்னால் இருப்பவனுடைய பெயரைக் கேட்டு எழுத வேண்டும். அந்த அம்மா பையோடு நடந்து போகட்டும். அவரிடமும் பேசலாம், ஆனால் வரிசையில் அவர் கடைசி.